கடைசி ஆட்டம் எதுவென்று தெரியாமல்: மாலகா நாட்குறிப்பு

நவம்பர் 18, 2024, திங்கள். மாலகா

விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் புறநகர் ரயிலில் எங்களைச் சுற்றி நின்றவர்களில் பலர் ‘கிராசியாஸ் ராஃபா’ என்று அச்சிட்ட சட்டை அணிந்திருந்தார்கள். ராஃபாவுக்கு நன்றி. மனிதர் இன்னும் களத்தில் இறங்கவே இல்லை, அதற்குள் நன்றி சொல்லி அனுப்பிவைக்கக் கிளம்பிவிட்டார்களே என்று தம்பி சிரித்தான். அவன் சிரிக்கலாம். அவன் ராஃபாவின் நெடுநாள் எதிராளி ஃபெடரரின் கட்சி.

நாடுகள் மோதும் டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பையைப் பின்தொடராதவர்களுக்காக நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 10 அன்று ஸ்பெயின் வீரர் ராஃபேல் நடால் ஒரு காணொளியில் ஓய்வை அறிவித்தார். இங்கே, ஸ்பெயினின் மாலகாவில், நடக்கும் டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுதான் கடைசி என்றார். எட்டு நாடுகள் மோதுகின்றன, தோற்றால் வெளியே. ஒவ்வொரு மோதலிலும் இரண்டு ஒற்றையர் ஆட்டம், ஓர் இரட்டையர் ஆட்டம்; மூன்றில் இரண்டை வெல்லும் நாடு மேலே போகும். நாளை ஸ்பெயினும் நெதர்லாந்தும் ஆடுகின்றன. ஸ்பெயின் வென்றால் வெள்ளிக்கிழமை அரையிறுதி, அதையும் வென்றால் ஞாயிறு அன்று இறுதி. யார் ஆடுவார்கள் என்பதை அணித்தலைவர்கள் மோதல் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் வெளியிடுவார்கள்.

ஆக, 22 கிராண்ட் ஸ்லாம் வென்ற ஒருவரின் கடைசி ஆட்டம் நாளையா, வெள்ளியா, ஞாயிறா என்று யாருக்கும் தெரியாது. கோடையில் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு அவர் அதிகாரப்பூர்வ ஆட்டம் எதுவும் ஆடவில்லை. அணித்தலைவர் டேவிட் ஃபெரர் அவரை இறக்காமலே விட்டால், கடைசி ஆட்டம் ஏற்கெனவே பாரிசில் முடிந்துபோன கணக்கு. முகூர்த்தம் என்றைக்கு என்று தெரியாமல் மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் உறவினர்களைப் போல ஊர் முழுக்க ஆட்கள்.

இன்றைய பத்திரிகையாளர் சந்திப்பில் நடால், தான் ஓய்வுபெற வரவில்லை, அணி வெல்ல உதவத்தான் வந்திருக்கிறேன் என்றார். சரியான பேச்சு. ஆனால் ரயிலில் பார்த்த சட்டைகள் வேறு முடிவுக்கு வந்துவிட்டன.

போட்டி அட்டவணை வெளியானதும் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் டிக்கெட் வாங்கினோம். அப்போது ஓய்வுப் பேச்சே இல்லை. ஸ்பெயினின் இளம் நட்சத்திரம் அல்கராஸைப் பார்க்கலாம் என்பதுதான் பாதி ஆசை. அறிவிப்பு வந்த அன்று மறுவிற்பனை விலையைப் பார்த்துவிட்டுத் தம்பி தொலைபேசியில் அழைத்து, “விற்றுவிட்டால் நாம் இருவரும் பாரிசில் ஒரு வாரம் தங்கலாம் அக்கா” என்றான். நான் இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

போன வாரம் இங்கே பேய் மழை. ஊருக்குள் வெள்ளம் புகுந்து, இதே அரங்கில் தொடங்கவிருந்த பெண்களுக்கான பில்லி ஜீன் கிங் கோப்பையின் முதல் மோதலையே தள்ளிவைத்தார்கள். இன்று வானம் பளிச்சென்று இருக்கிறது.

நவம்பர் 19, செவ்வாய் (எழுதும்போது புதன் விடியப்போகிறது)

தூக்கம் வராது என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

எல் பெர்ச்செல் நிலையத்தில் இரண்டாம் தடத்து மெட்ரோவைப் பிடித்தால் கடைசி நிறுத்தமே அரங்கத்தின் வாசல்தான். மார்ட்டின் கார்பெனா அரங்கம், யூனிகாஹா கூடைப்பந்து அணியின் சொந்த இடம். கூரை போட்ட கடினத்தளம். நடாலின் 92 பட்டங்களில் 63 களிமண்ணில் வந்தவை. கூரைக்கு அடியில் கடினத்தளத்தில் வென்றது ஒன்றே ஒன்று, 2005இல் மாட்ரிட்டில். அவருக்கு இதைவிடப் பொருந்தாத களத்தைத் தேடினாலும் கிடைத்திருக்காது. பிரெஞ்சு ஓபன் நடக்கும் ரோலண்ட் காரோஸில் 112 வெற்றி, 4 தோல்வி என்ற கணக்கை மனப்பாடமாக வைத்திருக்கும் கூட்டம், இன்று அவரை வழியனுப்ப ஒரு கூடைப்பந்துக் கூடத்துக்குள் நுழைந்தது.

பாதுகாப்புச் சோதனைக்கான வரிசையில் நிற்கும்போது மணி நான்கு. முன்னால் யாரோ கைபேசியைப் பார்த்துக் கத்தினார்கள். அந்தக் கத்தல் வரிசையின் வால்வரை ஓடி வந்தது. முதல் ஒற்றையரில் நடால். என் பக்கத்தில் நின்ற வயதான பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனாலும் தலையை ஆட்டி ஆட்டி முழுவதையும் ஒப்புக்கொண்டேன்.

ஸ்பெயினின் தேசிய கீதத்துக்கு வரிகள் கிடையாது. பத்தாயிரம் பேர் சொல்லில்லாமல் ராகத்தை மட்டும் முழங்கினார்கள். திரையில் நடாலின் முகம் தெரிந்தது. கண்கள் கலங்கியிருந்தன. அதைக் கண்டதும் ஆட்டத்தின் போக்கு எனக்குப் பாதி விளங்கிவிட்டது. இருபது ஆண்டுகளாக எதிராளியைக் கலங்கடித்த ஆள், பந்தைத் தொடும் முன்பே தான் கலங்கி நிற்கிறார்.

எதிரில் போடிக் வான் டி சான்ட்ஸ்குல்ப். தரவரிசையில் 80. 2022இல் ரோலண்ட் காரோஸிலும் விம்பிள்டனிலும் நடாலிடம் தோற்றவர். அதே மனிதர் இந்த ஆண்டு அமெரிக்க ஓபனில் அல்கராஸை வீழ்த்தியவர். அவர் முதல் சர்வைத் தவறவிட்ட போதெல்லாம் கூட்டம் கைதட்டியது. எனக்கு அது பிடிக்கவில்லை. தவற்றுக்குக் கைதட்டுவது ராஃபா ரசிகர்களுக்கு அழகில்லை. அதைச் சொன்னதும் தம்பி, “ஃபெடரர் ரசிகர்கள் ஒருநாளும் செய்ததில்லை” என்றான். செய்திருக்கிறார்கள். ஆதாரம் என்னிடம் உண்டு.

சடங்குகள் எல்லாம் அப்படியே இருந்தன. நாற்காலிக்கு முன் குப்பிகளை ஒரே கோணத்தில் நிறுத்துவது, கோட்டை மிதிக்காமல் தாண்டுவது, சர்வுக்கு முன் மூக்கையும் காதையும் தொட்டு முடியை ஒதுக்குவது. ஃபோர்ஹேண்ட் சிலமுறை பழைய வேகத்தில் பறந்தது. அப்போது கூரை அதிர்ந்தது. ஆனால் கால் போகவேண்டிய இடத்துக்கு அரையடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. முதல் செட் 4-6. இரண்டாவதில் பின்தங்கி, எதிராளியின் சர்வை முறியடித்து ஒரு பிரேக்கைத் திருப்பி எடுத்தபோது ‘சீ சே புவேதே’ (முடியும்) என்ற முழக்கம் கிளம்பி அடங்கவே இல்லை. நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அதுவும் 4-6.

அதன் பிறகுதான் சிக்கல். மற்ற எந்தப் போட்டியாக இருந்தாலும் தோற்றவர் கையசைப்பார், நாம் எழுந்து நின்று அழுவோம், கதை முடியும். இங்கே கதை முடியவில்லை. ஸ்பெயின் 0-1 என்று பின்தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அல்கராஸ் வென்று, இரட்டையரும் வென்றுவிட்டால் நடால் வெள்ளிக்கிழமை மறுபடி ஆடலாம். ஆகவே எழுந்து நின்றோம், ஆனால் விடைகொடுக்கவில்லை. விடைகொடுத்தால் அணி தோற்கும் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். பின்வரிசையில் ஒருவர் அழத் தொடங்கியபோது அவருடைய நண்பர் அதட்டி நிறுத்தினார். நடாலும் கையசைத்துவிட்டுச் சட்டென்று உள்ளே போனார். இத்தனை தூரம் வந்தது இந்த ஒரு கணத்துக்காக. அது வந்ததா இல்லையா என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

அல்கராஸ், டாலன் கிரீக்ஸ்பூரை 7-6, 6-3 என்று வென்றார். முதல் செட் 6-6 என்று சமமானதும் அதைத் தீர்மானிக்க ஆடிய டைபிரேக்கரில் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. வேறு எந்த நாளிலும் அதைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

இரட்டையருக்கு அல்கராஸுடன் மார்செல் கிரானோயர்ஸ் இறங்கினார். எதிரில் அதே வான் டி சான்ட்ஸ்குல்பும் வெஸ்லி கூல்ஹாஃபும். ஒலிம்பிக்கில் சேர்ந்து ஆடியது போல நடாலும் அல்கராஸும் வருவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் ஃபெரர் பக்கம். நட்புக்காக அணி அமைப்பதில்லை. நடால் அணி இருக்கையில் இருந்தார். இருந்தார் என்பது தவறு, நின்றார். ஒவ்வொரு புள்ளிக்கும் எழுந்தார், முஷ்டியை மடக்கினார், இடைவேளையில் குனிந்து அல்கராஸிடம் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார். அரங்கத்தின் கண் பாதி நேரம் பந்தின் மேல் இல்லை. முதல் செட் டைபிரேக்கரில் போனது. இரண்டாவதும் டைபிரேக்கருக்குப் போனது. தன் வாழ்க்கையின் கடைசி நிமிடங்களை அடுத்தவர்களின் மட்டைகள் தீர்மானிப்பதை அவர் கையில் மட்டையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 6-7, 6-7.

மாலை ஏழு மணிவாக்கிலேயே அவருடைய கடைசி ஆட்டம் முடிந்திருக்கிறது. நள்ளிரவு நெருங்கும்போதுதான் அது எங்களுக்குத் தெரியவந்தது.

விடைபெறும் நிகழ்ச்சி சின்னது. திரையில் ஃபெடரர், ஜோகோவிச், செரீனா வில்லியம்ஸ், ஆண்டி மரே, கால்பந்து வீரர்கள் சிலர் என்று வரிசையாகப் பேசினார்கள். பிறகு அவர் பேசினார். டென்னிஸ் ஆடிக் களைத்துவிடவில்லை, உடல்தான் இனி ஆட மறுக்கிறது என்றார். பட்டங்களும் எண்ணிக்கைகளும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் மயோர்க்காவின் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்த நல்ல மனிதன் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும் என்றார். சிறுவனாக இருந்தபோது சொந்தச் சித்தப்பாவே ஊரில் டென்னிஸ் பயிற்சியாளராக இருந்தது தன் அதிர்ஷ்டம் என்றும் சொன்னார். எனக்கு அந்த இடத்தில்தான் தொண்டை அடைத்தது. அந்தச் சித்தப்பா டோனி நடால் மட்டும் அந்த ஊரில் கால்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தால்?

ஃபெடரரின் முகம் திரையில் வந்தபோது தம்பி கண்ணைத் துடைத்தான். தூசி விழுந்தது என்று எழுதச் சொல்கிறான். எழுதிவிட்டேன்.

நவம்பர் 20, புதன்

பத்து மணிவரை தூங்கினோம். விடுதியின் சிற்றுண்டி அறையில் எல்லோர் முகமும் வீங்கியிருந்தது.

ஒரு மேசையில் அப்பா, அம்மா, பள்ளி வயதுப் பையன். அவர்களிடம் இருந்தது வெள்ளிக்கிழமை டிக்கெட் மட்டும். அரையிறுதியில் ராஃபா நிச்சயம் இருப்பார் என்று நம்பி வாங்கியது. நேற்றைய மோதலை இந்த ஊரிலேயே விடுதி அறைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். பையன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என்ன ஆறுதல் சொல்வது? நேரில் பார்த்த நாங்கள்கூட அதுதான் கடைசி என்று தெரிந்து பார்க்கவில்லை என்று சொன்னேன். அப்பா புன்னகைத்தார். பையனுக்கு அது ஆறுதலாகத் தெரியவில்லை.

இன்னொருவர் நேற்றைய நிகழ்ச்சி மகா மட்டம் என்று பொரிந்து தள்ளினார். ஃபெடரரை நேரில் அழைத்திருக்க வேண்டாமா, இரண்டு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஃபெடரருக்கு நடந்தது போல அல்லவா நடந்திருக்க வேண்டும் என்றார். லண்டன் வேறு. ஃபெடரர் விடைபெற்ற லேவர் கோப்பை அன்று யார் ஆடுவார்கள், எப்போது முடியும் என்பது முன்கூட்டியே தெரிந்த மாலை. ஃபெடரரின் பக்கத்தில் நடால் உட்கார்ந்து அழுத படம் அந்தத் திட்டத்தின் பலன். இங்கே தேதியை நெதர்லாந்து தீர்மானித்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு என்று விருந்தினரை அழைத்துவைத்தால், ஸ்பெயின் செவ்வாயன்றே தோற்றால் என்ன செய்வார்கள்? மே மாதம் ரோலண்ட் காரோஸில் ஸ்வெரெவிடம் முதல் சுற்றில் தோற்றபோது விழா நடத்தத் தயாராக இருந்தார்கள். திரும்பி வரக்கூடும் என்று சொல்லி அவரே வேண்டாம் என்றார். வசதியான விடைபெறுதல் அப்போது காத்திருந்தது. அவருக்கு ஆட வாய்ப்பு இருக்கும்வரை விழா வேண்டியிருக்கவில்லை. பாரிஸ் எப்படியும் ஒரு விழா எடுக்காமல் விடாது என்பது தம்பியின் கணிப்பு.

நேற்றுக் காலை ஃபெடரர் வெளியிட்ட கடிதத்தைத் தம்பி எனக்கு மறுபடி வாசித்துக் காட்டினான். நான் உன்னை வென்றதைவிட நீ என்னை அதிகம் வென்றாய் என்று அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார் (24-16, அளவாகச் சொல்கிறேன்). உன்னைச் சமாளிக்க என் மட்டையின் முகப்பையே பெரிதாக்கினேன் என்கிறார். தன் பிள்ளைகளை நடாலின் பயிற்சிக்கூடத்துக்கு அனுப்பியபோது, இடக்கைக்காரர்களாகத் திரும்பிவிடுவார்களோ என்று பயந்தாராம். நடால் ஃபெடரரை வென்ற 2008 விம்பிள்டன் இறுதி ஆட்டத்துக்குப் பிறகு, அந்த ஒன்பதுக்கு ஏழு செட் இருட்டில் முடிந்த பிறகு, தம்பி என்னோடு சில நாட்கள் பேசவில்லை. இப்போது அவனே குரல் கம்ம இதை வாசிக்கிறான்.

நடாலும் இரவே ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: டேவிஸ் கோப்பையில் முதல் ஆட்டத்தில் தோற்றேன், கடைசி ஆட்டத்திலும் தோற்றேன், வட்டம் பூர்த்தியாகிவிட்டது. 2004இல் செக் குடியரசின் பிர்னோவில் ஜிரி நோவாக்கிடம் தோற்றது முதல் ஆட்டம். இடையில் ஒற்றையரில் தொடர்ந்து 29 வெற்றி. தான் அணித்தலைவராக இருந்தால் அடுத்த மோதலில் தன்னை இறக்க மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். இரட்டையருக்கு முணுமுணுத்தவர்கள் இதைப் படிக்கட்டும்.

மாலையில் பிக்காசோ பிறந்த சதுக்கம், தெற்குக் கோபுரம் கட்டி முடிக்கப்படாமலே நிற்கும் பேராலயம் என்று சுற்றினோம். எதுவும் மனதில் பதியவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

நெதர்லாந்து – ஜெர்மனி அரையிறுதி. டிக்கெட்டை விற்கவும் முடியவில்லை, வீணாக்கவும் மனம் வரவில்லை, போனோம். போனதற்கு மகிழ்ந்தேன்.

செவ்வாயன்று அரங்கமே வில்லனாகப் பார்த்த வான் டி சான்ட்ஸ்குல்ப் இன்று டேனியல் ஆல்ட்மையரை மூன்று செட்டில் வென்றார். கிரீக்ஸ்பூர் முதல் செட்டை இழந்தும் ஸ்ட்ரஃபை வென்றார். டேவிஸ் கோப்பை வரலாற்றில் நெதர்லாந்து இறுதிக்குப் போவது இதுவே முதல்முறை. ஆரஞ்சுச் சட்டைக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. நான் வான் டி சான்ட்ஸ்குல்புக்காக எழுந்து நின்று கைதட்டினேன். செவ்வாயன்று பத்தாயிரம் பேருக்கு எதிராக, தான் மதிக்கும் ஒருவரை முடித்துவைக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. அவர் அதைத் தயங்காமல் செய்தார். விட்டுக்கொடுத்திருந்தால்தான் நடாலுக்கு அவமானம்.

2-0 என்பதால் இரட்டையர் நடக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த டச்சுக்காரர் அதற்காக வருத்தப்பட்டார். கூல்ஹாஃபும் இந்தப் போட்டியோடு ஓய்வு பெறுகிறாராம். இரட்டையர் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர், 2023 விம்பிள்டன் இரட்டையர் சாம்பியன். “அவருக்கு யாரும் சட்டை அச்சடிக்கவில்லை” என்றார் டச்சுக்காரர், சிரித்துக்கொண்டே. ஞாயிறு அன்று கோப்பையோடு விடைபெறட்டும் என்று வாழ்த்திவிட்டு வந்தோம்.

நவம்பர் 23, சனி. மனகோர், மயோர்க்கா

காலை விமானத்தில் பால்மா. அங்கிருந்து இன்கா, சினேயு, பெத்ரா வழியாக மனகோருக்கு ஒரு மணி நேர ரயில். ‘சின்ன ஊர்’ என்று நடால் சொன்னதை நம்பி வந்த தம்பி, நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஏமாந்துபோனான். மயோர்க்காவில் பால்மாவை விட்டால் பெரிய ஊர்களில் இது ஒன்று. மரச்சாமான்களுக்கும் செயற்கை முத்துக்கும் பெயர் பெற்றது. அடக்கத்தில் ஊரையே சுருக்கிவிட்டார்.

நடாலின் பயிற்சிக்கூடம் 2016இல் ஃபெடரர் வந்து திறந்துவைத்தது. இதைத் தம்பி வழியெல்லாம் நினைவூட்டிக்கொண்டே வந்தான். அருங்காட்சியகத்தில் கோப்பைகள் வரிசையாக இருக்கின்றன. ரோலண்ட் காரோஸ் கோப்பைகளின் முன்னால் எல்லோரும் படம் எடுக்கிறார்கள், எண்ணி எண்ணிப் பதினான்குக்கு வரும்முன் தடுமாறுகிறார்கள். எனக்கு அதைவிட வெளியே இருந்த களங்கள் பிடித்தன. பிள்ளைகள் சனிக்கிழமைப் பயிற்சியில் இருந்தார்கள். ஒருவனும் அருங்காட்சியகப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கிருந்து சற்றுத் தூரத்தில்தான் சாந்த் யோரென்ஸ். 2018 அக்டோபரில் வெள்ளம் வந்து 13 பேர் இறந்தார்கள். மறுநாள் நடால் ரப்பர் காலணி அணிந்து, கையில் துடைப்பானோடு ஒரு வீட்டில் சேறு தள்ளிக்கொண்டிருந்த படம் பலருக்கு நினைவிருக்கலாம். வீடிழந்தவர்கள் தங்க இந்தப் பயிற்சிக்கூடத்தைத் திறந்துவிட்டார். செவ்வாய் இரவு ‘நல்ல மனிதன்’ என்று அவர் கேட்டது வெறும் மேடைப்பேச்சு இல்லை என்பதற்கு இந்த ஊர்ப்பக்கம் சாட்சிகள் இருக்கிறார்கள்.

நவம்பர் 24, ஞாயிறு. பால்மா

விமானம் இரவில்தான். நெதர்லாந்து – இத்தாலி இறுதி ஆட்டத்தை விடுதியின் கூடத்துத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பெரெத்தினி வான் டி சான்ட்ஸ்குல்பை 6-4, 6-2 என்று வென்றார். சின்னர் கிரீக்ஸ்பூரை 7-6, 6-2. இத்தாலி 2-0, கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

2-0 என்றதும் தம்பிதான் முதலில் சொன்னான்: “அப்படியானால் கூல்ஹாஃப்?”

இரட்டையர் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமையும் தேவைப்படவில்லை. செவ்வாய் நள்ளிரவு அல்கராஸையும் கிரானோயர்ஸையும் வென்றதுதான் அவருடைய கடைசி ஆட்டம். அந்தக் கடைசிப் புள்ளியின்போது நாங்கள் அரங்கத்துக்குள் இருந்தோம். வென்றதும் அவர் துள்ளினாரா, கூட்டாளியைக் கட்டிக்கொண்டாரா, என்ன செய்தார் என்று இருவரும் யோசித்துப் பார்த்தோம். ஒன்றும் நினைவில்லை. நாங்கள் ஸ்பெயின் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.